சிங்கப்பூர்த் துறைமுகமும் துப்பாக்கிச் சரக்கும்

1823ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி இரவு, சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக இருந்த கர்னல் வில்லியம் பார்குவார், கடன் வழக்கொன்றில் தோற்றுக் காவலில் இருந்த சையத் யாசின் என்னும் பஹாங் வியாபாரி தப்பிவிட்டான் என்று கேள்விப்பட்டு, தம் மகனையும் சில சேவகர்களையும் அழைத்துக்கொண்டு அவனைத் தேடிச் சென்றபோது, இருளில் பதுங்கியிருந்த அவனுடைய கிரிஸ் கத்தியால் மார்பில் குத்துண்டு விழுந்தார். தன்னோடு காவலுக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சேவகனை யாசின் அதற்கு முன்பே கொன்றிருந்தான். பார்குவாரின் மகன் அவ்விடத்திலேயே யாசினை வெட்டி வீழ்த்தினார். பார்குவார் உயிர் பிழைத்தார். ஆனால் சிங்கப்பூர்க் குடியேற்றத்தை நிறுவிய ராபிள்ஸின் சினம் இறந்தவனையும் விடவில்லை. யாசினின் சடலம் கூண்டிலிடப்பட்டுத் தஞ்சோங் மாலாங் கரையில் ஊரார் காணும்படி தொங்கவிடப்பட்டது. அந்தக் காலத்துச் சிங்கப்பூரைக் கண்ணால் கண்டு எழுதிய முன்ஷி அப்துல்லா இந்தச் சம்பவத்தை விரிவாகவே வர்ணித்திருக்கிறார். ஊருக்குள் ஆயுதம் தரித்து நடமாடலாகாது என்று ராபிள்ஸ் பிறப்பித்த உத்தரவு இதன் விளைவே. பரம்பரையாக இடுப்பில் கிரிஸ் செருகி நடந்த மலாய் மக்களுக்கு அது எளிதில் ஜீரணமாகக்கூடிய உத்தரவு அன்று.

இதை மட்டும் படிப்பவர், ஆயுதம் என்ற பெயரைக் கேட்டாலே அஞ்சிய ஊர் இது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அப்படியன்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஜான் கிராபர்ட், சுங்கவரி இல்லாத துறைமுகத்தில் அரசாங்கச் செலவுக்குப் பணம் தேடவேண்டிய நிர்ப்பந்தத்தில், அபினி, சாராயம், அடகுக்கடை ஆகியவற்றைப் போலவே வெடிமருந்து செய்வதற்கும் விற்பதற்கும் உரிமக் கட்டணம் வசூலித்தார். செலிபிஸ் தீவிலிருந்து பருவக்காற்றோடு ஆண்டுதோறும் வந்து சேர்ந்த பூகிஸ் மரக்கலங்கள், கடலட்டையையும் ஆமையோட்டையும் பறவைக் கூட்டையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, துணியோடும் அபினியோடும் துப்பாக்கியையும் மருந்தையும் ஏற்றிச் சென்றன. இடுப்பில் செருகிய ஆயுதம் குற்றம். பெட்டியில் அடைத்த ஆயுதம் சரக்கு. சிங்கப்பூரின் முதல் அரை நூற்றாண்டு இந்த ஒரே விதியின்மேல் நடந்தது என்றால் மிகையாகாது. கப்பலிலிருந்து அந்தப் பெட்டிகளைத் தோணியில் இறக்கி ஆற்றங்கரைப் பண்டகசாலைகளுக்குக் கொண்டுவந்தவர்களில், அன்று தோணித் தொழிலில் முன்னணியில் இருந்த சூலியா முஸ்லிம்கள், அதாவது நாகூர், நாகப்பட்டினம் முதலிய சோழமண்டலக் கரை ஊர்களிலிருந்து வந்த நம்மவர்கள், பலர் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

இந்தத் தாராளத்தை, சிங்கப்பூரை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி தமிழ்நாட்டில் நடந்துகொண்ட முறையோடு சேர்த்துவைத்துப் பார்க்கவேண்டும். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், சென்னைக் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ் டிசம்பர் முதல் தேதி வெளியிட்ட பிரகடனத்தால் தென்பாண்டிச் சீமையின் கோட்டைகள் தகர்க்கப்பட்டன. குடிகள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பறிக்கப்பட்டது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802ஆம் ஆண்டில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சிவகங்கைக் குடியானவன் வீட்டுத் துப்பாக்கி ராஜத்துரோகத்தின் சாட்சி. அதே கம்பெனியின் சிங்கப்பூரில் வியாபாரியின் பெட்டியிலிருந்த துப்பாக்கி வருமானத்தின் ஊற்று. கம்பெனிக்கு ஆயுதம் பற்றிய தர்மம் என்று ஒன்று இருக்கவில்லை. தன் ஆட்சிக்கு எது அபாயம், தன் வியாபாரத்துக்கு எது லாபம் என்ற இரண்டு கணக்குகளே இருந்தன.

அக்காலத்தின் விநோதங்களில் ஒன்றை இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் ஊராகவும் இருந்தது. சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஆயுட்கைதிகள் சாலை போட்டார்கள். சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் இன்று இஸ்தானா எனப்படும் கவர்னர் மாளிகையையும் எழுப்பினார்கள். தீவின் உட்பகுதியில் கம்பீர்ச் செடித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டிய சீனத் தொழிலாளிகளைப் புலிகள் அடிக்கடி அடித்துத் தின்றுவந்த நாட்களில், நடத்தையால் நம்பிக்கை பெற்ற கைதிகளைப் பொறுக்கிக் குழுக்களாக்கி, குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளை அவர்கள் கையில் கொடுத்துப் புலிவேட்டைக்கு அனுப்பினார்கள் அதிகாரிகள். கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மேஜர் மக்நேர், 1899இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சொந்த ஊரில் கம்பு பிடிக்கும் உரிமையையும் இழந்து, கடல் கடந்து, சங்கிலியோடு வந்திறங்கிய ஒருவனுக்கு, தண்டனையை அனுபவிக்க வந்த தேசத்திலேயே சர்க்கார் துப்பாக்கி கிடைத்தது! அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் சென்றவன் மாலையில் சிறைக்குத் திரும்பி வந்தான் என்பதை நினைக்கும்போது, ஆயுதத்தைவிட அதை நம்பிக் கொடுக்கும் உறவே பெரிதென்று தோன்றுகிறது. பிற்காலச் சட்டங்கள் இந்த உறவை மறந்தே எழுதப்பட்டன.

பெட்டியின்மீதும் சட்டத்தின் பார்வை விழத் தொடங்கியது அண்டை அரசின் நெருக்கடியால்தான். 1873இல் டச்சுக்காரர் அச்சே நாட்டின்மீது படையெடுத்தபோது, அச்சே வீரர்களின் துப்பாக்கிகளும் மருந்தும் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செல்கின்றன என்ற புகார் எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இந்திய சர்க்காரின் கையிலிருந்து லண்டன் காலனி அலுவலகத்தின் கைக்கு மாறியிருந்த, சிங்கப்பூரும் பினாங்கும் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களின் நிர்வாகம், நேச நாட்டின் வருத்தத்தைத் தணிக்க அச்சேக்கு ஆயுத ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை வந்ததும் கள்ளக்கடத்தலும் உடன் வந்தது. சுதந்திர வியாபாரமே தெய்வம் என்று இருந்த துறைமுகம், ஒரு சரக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கவேண்டிய நிலைமைக்கு அப்போதுதான் வந்தது.

இந்தியாவிலோ 1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், ஐரோப்பியனுக்கு விலக்கும் இந்தியனுக்கு உரிமமும் விதித்துத் தேசத்தையே அவமதித்தது. அந்தக் காவலையும் மீறி வெளிநாட்டுத் துப்பாக்கி உள்ளே வரத்தான் செய்தது. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷின் உயிரைக் குடித்தது வெளிநாட்டில் தயாரான கைத்துப்பாக்கி. அதைப் பிடித்த வாஞ்சிநாதன் குறிபார்க்கப் பழகியது பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், வ. வே. சு. ஐயரிடம். ஒரு கரையோர ஊரின் கொடி வேறாக இருந்தால் ஒரு சாம்ராஜ்யத்தின் சட்டம் எவ்வளவு பலவீனமாகிவிடுகிறது என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியே காட்டியது.

சிங்கப்பூரில் ஆயுதம், வெடிபொருள் பற்றிய பொதுச் சட்டம் 1913ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செய்தல், விற்றல், சேமித்தல், எடுத்துச் செல்லுதல், இறக்குமதி, ஏற்றுமதி, வைத்திருத்தல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வலைக்குள் கொண்டுவந்த சட்டம் அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதன் பெயர் இந்த ஊரின் சட்டப் புத்தகத்தில் நின்றது. ஆனால் அது பிறந்த இரண்டே ஆண்டுகளில் வந்த பேராபத்து எந்த வியாபாரியின் பெட்டியிலிருந்தும் வரவில்லை. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. மறுநாள் ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டிய, இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட ஐந்தாம் இலகு காலாட்படையின் தோட்டாக்கள், அலெக்ஸாண்ட்ரா பாசறையில் லாரியில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. பிற்பகலில் ஒரு வெடி கேட்டது; சிப்பாய்கள் பலர் கலகத்தில் இறங்கினர். அந்த லாரியே கலகக்காரர் கைக்குப் போயிற்று. சில நாட்களில் கலகம் அடக்கப்பட்டு, அவுட்ரம் சிறைச் சுவரின் வெளியே, ஜனங்கள் கூடி நின்று பார்க்க, 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் வடநாட்டு முஸ்லிம் வீரர்கள். எனினும் இந்தியர் அனைவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற உத்தரவு அவர்களோடு நிற்கவில்லை; சிராங்கூன் சாலையில் மாடு வளர்த்துப் பால் விற்றவனுக்கும், மார்க்கெட் தெருவில் கிட்டங்கி நடத்திய செட்டியாருக்கும் அதுவே விதியாயிற்று. சர்க்காரே தந்த துப்பாக்கி சர்க்காரைச் சுட்டது. சந்தேகமோ துப்பாக்கியைக் கண்ணாலும் காணாதவன்மேல் விழுந்தது.

சிராங்கூன் சாலைக்கு அருகிலேயே உள்ள பாரர் பார்க் மைதானத்தில், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, 40,000க்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்களைப் பிரிட்டிஷ் அதிகாரி ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றதும், அவர்களுள் பலர் மோகன் சிங்கின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததும், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் பெண்களும் அணிவகுத்ததும் தமிழ் வாசகர்கள் நன்கறிந்தவை. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டும் கத்தியைத் தவிர வேறொன்றையும் ஏந்தாதவன் முதல்முறையாகத் தன் தேசத்தின் பேரால் துப்பாக்கி ஏந்தினான். யுத்தம் முடிந்தது, பயிற்சி பெற்றவர்கள் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள், நாடெங்கும் சிதறிக் கிடந்த ஆயுதங்கள் காடுகளிலும் கிணறுகளிலும் கூரைகளிலும் மறைந்தன.

அந்த மறைந்த ஆயுதங்களின் காலத்தில்தான் எஸ். ஏ. கணபதியின் கதை நடந்தது. தஞ்சைச் சீமையில் தம்பிக்கோட்டையில் பிறந்து, இளமையிலேயே சிங்கப்பூருக்கு வந்து இங்கே வளர்ந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பணி செய்து, யுத்தத்துக்குப்பின் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் அவர். 1948 ஜூனில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. அதே மாதத்தில் சம்மேளனம் சட்டப் பதிவை இழந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்று மலாயாவில் அவசர விதி வந்தது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைது செய்யப்பட்டபோது கணபதியிடம் இருந்தவை ஒரு சுழல்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும். யாரையும் சுட்டார் என்பதல்ல அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம், வைத்திருந்தார் என்பதே. அதை ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தேன் என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. நேருவின் அரசாங்கம் அவர் உயிருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதானதற்கும் தூக்குக்கும் இடையே கழிந்தது ஏறத்தாழ இரண்டு மாதம்.

இந்த மரணத்தை நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அழித்துவிட்ட சட்டம், அச்சத்தின் சட்டம். ஆளப்படுகிறவர்களின் சம்மதமின்றி, அவர்களைக் கண்டு அஞ்சி எழுதப்பட்டது. தொழிலாளிக்குக் கூலி உயர்வு கேட்ட தலைவரை அப்புறப்படுத்த அது வாய்ப்பாக அமைந்தது என்ற எண்ணம், அன்றைய தமிழ்த் தொழிலாளர் உள்ளத்தில் ஆழப் பதிந்ததில் வியப்பில்லை.

சுயாட்சியும் சுதந்திரமும் பெற்ற சிங்கப்பூர் இந்தக் கடுமையைக் கைவிட்டதா? கைவிடவில்லை, வேறு காரணத்துக்காக ஏற்றுக்கொண்டது. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் ஆள் கடத்தலும் துப்பாக்கிக் கொள்ளையும் நகரத்தை அலைக்கழித்தன. போலீஸாரும் சுடப்பட்டு இறந்தனர். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டம் அந்தச் சூழ்நிலையில் பிறந்தது. குற்றம் புரியத் துப்பாக்கியைப் பயன்படுத்தினாலோ பயன்படுத்த முயன்றாலோ மரணம். உடனிருந்த கூட்டாளியும், தடுக்கத் தன்னாலானதைச் செய்ததாக நிரூபிக்காவிட்டால், அதே தண்டனைக்கு உரியவன். சட்டவிரோதமாக வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும். இரண்டுக்கு மேற்பட்ட ஆயுதங்கள் இருந்தால் அவன் ஆயுத வியாபாரி என்றே அனுமானம். கணபதியைக் கொன்ற விதியின் சாயல் இதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு துப்பாக்கியை வைத்திருந்த ஒரே காரணத்துக்காக உயிரை வாங்கும் விதி இதில் இல்லை. அந்த வித்தியாசம் சிறிதன்று. தெருவில் நடக்கும் சாதாரணக் குடிமகன் துப்பாக்கிச் சத்தம் கேளாமல் வீடு திரும்பும் ஊரை இந்தச் சட்டத்தோடு சேர்ந்த போலீஸ் நிர்வாகம் உண்டாக்கித் தந்தது. அந்தப் பயனை அனுபவிக்கும் நாம் அதை மறுப்பது நேர்மையாகாது.

இச்சட்டத்தில் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ‘ஆயுதம்’ என்பதற்கு அது தரும் இலக்கணம். முழுத் துப்பாக்கி மட்டும் ஆயுதமன்று. அதன் உறுப்பாகிய பகுதியும் ஆயுதமே. ஆகவே குழலைத் தனியாகவும் விசைப் பொறியைத் தனியாகவும் இரண்டு பொட்டலங்களில் வரவழைத்தால் சட்டம் தீண்டாது என்று நினைப்பவன் சட்டத்தை அறியாதவன். 1913ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கியை உருவாக்க உதவும் கணினி வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இடுப்பிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து உறுப்புக்கும் வந்த தடை, உறுப்பிலிருந்து அதன் வரைபடத்துக்கும் வந்துவிட்டது.

இதே ஊரில்தான் 1967 முதல் தேசிய சேவைக்காக ராணுவத்தில் சேரும் இளைஞன், தமிழ் இளைஞன் உட்பட, ரைபிளைக் கழற்றி, எண்ணெயிட்டுத் துடைத்து, மீண்டும் பூட்டக் கற்கிறான். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் தோட்டாக்களையும், பின்னர் ரைபிள்களையும் உள்நாட்டிலேயே செய்தது. சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் வெற்றுத் தோட்டாக் கூடுகளைத் தரையிலிருந்து பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைக்கிறார்கள். பிறகு, தன்னிடம் தோட்டாவோ வெற்றுக் கூடோ இல்லை என்று ஒவ்வொருவனும் அதிகாரியின்முன் உரத்த குரலில் உறுதி சொல்லிவிட்டே வெளியேறுகிறான். துப்பாக்கி படைக்கலக் கொட்டிலுக்குத் திரும்புகிறது. இளைஞன் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். தேசம் முழுவதும் துப்பாக்கி அறிந்திருக்கிறது. எந்த வீட்டிலும் துப்பாக்கி இல்லை. புலிவேட்டைக் கைதியிடம் அன்றைய அதிகாரி வைத்த நம்பிக்கையின் வளர்ச்சி என்று இதைக் கொள்ளலாம்.

சிராங்கூன் சாலையின் தேக்காவாசிகளை இந்தச் சரித்திரம் நேராகத் தொடும் இடம் தீபாவளி; பட்டாசும் வெடிபொருள்தானே. 1970ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டில் பட்டாசு விபத்துகளில் ஆறு பேர் மாண்டனர். 68 பேர் காயமுற்றனர். 1972இல், பட்டாசு கொளுத்தியவர்களைத் தடுக்கப்போன ஆயுதமில்லாத போலீஸ்காரர் இருவர் தாக்கப்பட்டபின், முழுத் தடை வந்தது. காரணம் சீனப் புத்தாண்டில் நேர்ந்தாலும் சட்டம் இனம் பார்க்கவில்லை. சிராங்கூன் சாலைத் தீபாவளியும் ஓசை அடங்கியது. விளக்கு அலங்காரமும் கம்பி மத்தாப்பும் போதும் என்று பழகிவிட்ட பேரப்பிள்ளைகளிடம், விடியற்காலை வெடியின் பெருமையைத் தாத்தாமார்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் குறை கூறவில்லை.

ஆயினும் ஏக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பட்டாசும் கைத்துப்பாக்கி வடிவில் செய்த சிகரெட் லைட்டரும் இந்நாட்டுக்குள் கொண்டுவரக்கூடாத பொருள்கள். பொம்மைத் துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி, குண்டு துளைக்காத உடுப்பு, கைவிலங்கு, வாள், ஈட்டி, கிரிஸ் ஆகியவை முன் அனுமதி வேண்டிய பொருள்கள். காவல் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட அரிவாளை மதுரையிலிருந்து பெட்டியில் வைத்து வருகிறவரும், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று விளையாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு துணைக்கருவியை அயல்நாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கிற கல்லூரி மாணவனும், எது ஆயுதம், எது உறுப்பு, எது வெறும் அலங்காரம் என்பதைத் தாமே தீர்மானிக்கக் கூடாது. விற்ற நாட்டில் அது சட்டப்படி விற்கப்பட்டது என்ற சமாதானம் இங்கே செல்லாது. பொருளைக் கேட்டு எழுதுவதற்கு முன் சிங்கப்பூர்க் காவல்துறையின் உரிமப் பிரிவைக் கேளுங்கள். அனுமதி கைக்கு வந்தபின் பணம் அனுப்புங்கள். ஊரிலிருந்து வரும் உறவினரிடமும் புறப்படும் முன்பே இதைச் சொல்லிவையுங்கள்.